தூங்கும் பூனைக்கு விழுந்த ஓட்டு

எர்மெஸுக்குக் கனவு வரும். எனக்கு வராது. எங்கள் கல்யாண வாழ்க்கையை இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அடுப்பில் காப்பி பொங்கி மேலே வரும் நேரத்துக்குச் சரியாக அவன் சமையலறைக்குள் வருவான். கண்ணாடி போட்டிருக்க மாட்டான். "மறுபடியும் தண்ணி வந்துச்சு, நீவெஸ்," என்பான். கனவில் எங்கள் ஊர் வால்பியோந்தா நீருக்கடியில் இருக்கும். ஆனால் யாரும் சாகமாட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் வழக்கம்போல் கதவை மேலே தூக்குவார். மாதா கோயில் மணி அடிக்கும், ஓசை மட்டும் தாமதமாக வந்து சேரும். சைக்கிளில் போகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் போவார்கள். தலைக்கு மேலே விலாங்கு மீன்கள் நெளிந்துகொண்டு போகும். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். அண்ணாந்து பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். சொல்லி முடித்துவிட்டு இரண்டு ரஸ்க்கைக் காப்பியில் முக்கித் தின்றுவிட்டுப் போவான். இருபத்தாறு வருஷம் இதைக் கேட்டேன். கேட்கப் பிடிக்கவும் செய்தது, அதை மறைக்க மாட்டேன்.

இத்தாலியில் 'போ' என்ற ஆறு கடலில் விழும் இடத்தில், கடலைவிடத் தாழ்ந்த மண்ணில் இருக்கிறோம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கரைமேல் ஏறித்தான் பார்க்க வேண்டும். பம்ப் நிலையம் இரவும் பகலும் நீரை இறைத்து வெளியே கொட்டுவதால் கால் நனையாமல் தூங்குகிறோம். அதனால் எர்மெஸின் கனவைப் பைத்தியக்காரத்தனம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

அவன் பதுவா பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியர். மண் எவ்வளவு இறங்குகிறது, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கருவிகளைச் செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு முதலாளியும்கூட. மூன்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கார் கொட்டகையில் ஆரம்பித்தது. இன்று ஹாலந்துக்காரர்கள்கூட வந்து வாங்குகிறார்கள். படிப்பும் இருந்தது, காசும் இருந்தது. பிறகு நம் ஆண்பிள்ளைகளுக்கு வருகிற மூன்றாவது ஆசையும் வந்தது. அரசியல்.

முதல் தடவை மாகாண சபைக்கு நின்றான். மீன் திருவிழாவில், பக்கத்தில் மீன் பொரிந்துகொண்டிருக்க, திரை கட்டிப் படம் காட்டி முக்கால் மணி நேரம் பேசினான். ஜனங்கள் மீன் பக்கம் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு புதிய கட்சியில் சேர்ந்தான். ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் அந்தக் கட்சியே கலைந்துவிட்டது. மூன்றாம் தடவை, "ஊர்லயே நிக்கறேன். மேயர்," என்றான்.

அவனுக்குத் தேவையாக இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் பாஸ்ஸா என்று ஒரு தாழ்நிலம் இருக்கிறது. குடியிருப்பு இல்லை, மக்காச்சோளம் மட்டும். அதன் கரையை நாமே வெட்டித் திறந்து கடலை உள்ளே விட்டுவிட வேண்டும் என்பது எர்மெஸின் திட்டம். வண்டல் படியும், நாணல் வளரும், புயல் நாளில் அலை அங்கேயே படுத்துவிடும், ஊர் பிழைக்கும். வட்டார அரசு அனுமதியும் கொடுத்திருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் மேயர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அனுமதி காலாவதி. பழைய மேயர், "நான் சாகும்போது கடலைத் தெறந்துவிட்டவன்னு பேர் வேண்டாம்பா," என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

நான் நம்பினேனா என்றால், நம்பினேன். எங்கள் முற்றத்துக் கிணற்று நீரை ஊற்றியே என் அம்மாவின் பீச் மரம் கருகிப் போயிற்று. உப்பு. அதற்கு மேல் எனக்குப் படம் காட்ட வேண்டியதில்லை.

எர்மெஸை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நல்லதுதானே என்பீர்கள். அதுதான் இல்லை. ஒரே ஒரு பட்டியல் மட்டும் போட்டியிட்டால், வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட்டாக வேண்டும். எங்கள் பட்டியலில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் ஊரையே மூழ்கடித்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு பெல்ஜியத்துக்கும் பிரேசிலுக்கும் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். பெயர் இங்கே, ஆள் அங்கே. அவர்கள் கப்பலேறி வந்தால்தான் பாதி தேறும். ஆக எர்மெஸுக்கு எதிரி யாரும் இல்லாததே எதிரியாகிவிட்டது.

ஒரு நாள் மதியம் மருந்துக் கடைக்கு வந்தான். கடை என்னுடையது.

"நீவெஸ், ஒரு உதவி."

"இருமலா?"

"எனக்கு எதிரா நில்லு."

கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன். "என்னது?"

"சும்மாதான். பேருக்கு. ரெண்டாவது பட்டியல் ஒண்ணு இருந்துட்டா அந்தப் பாதிக் கணக்கு வேண்டியதில்ல. பத்து ஓட்டு வாங்கினாப் போதும், அந்தப் பத்தும் உன் பெரியம்மா மக்களே போட்டுடுவாங்க."

இதற்கு எங்கள் நாட்டில் ஆந்தைப் பட்டியல் என்று பெயர். வேட்டைக்காரர்கள் சின்னப் பறவைகளை வரவழைக்க ஓர் ஆந்தையைக் கம்பில் கட்டி வைப்பார்களே, அந்த ஆந்தை. எல்லா ஊரிலும் செய்வதுதான். மச்சினனோ டிரைவரோ நிற்பான். எர்மெஸுக்குப் பெண்டாட்டிதான் அகப்பட்டாள்.

ஆட்களைத் திரட்டினேன். என் பெரியம்மா மகன் ஒத்தோரினோ, முடிதிருத்தும் கடை வில்மா, இன்னும் சில உறவுகள். ஒத்தோரினோ விலாங்குத் திருவிழாக் கமிட்டிக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டானாம். பட்டியலுக்கு ஒரு பெயரும் சின்னமும் வேண்டும் என்றார்கள். அந்த நேரம் எங்கள் பூனை கல்லாப்பெட்டிமேல் சுருண்டு படுத்திருந்தது. அதையே வரைந்து கொடுத்தேன். பெயர்: 'தூங்கி எழுந்து யோசிப்போம்.'

எர்மெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "பிரமாதம்! இதுக்கு ஒருத்தனும் போடமாட்டான்."

சதுக்கத்தில் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு தகரப் பலகை நிறுத்தினார்கள். அவன் பலகை நிறைய வரைபடம், அம்புக்குறி, நீலம், பச்சை. என் பலகையில் பூனை மட்டும். நான் கடையில் இருந்தபடியே பார்ப்பேன். ஜனங்கள் வரைபடத்தின் முன்னால் நின்று முகம் சுளிப்பார்கள். பிறகு பூனையின் முன்னால் வந்து நிற்பார்கள். முகம் இளகும். சில பேர் அங்கேயே நின்று கொட்டாவி விடுவார்கள்.

கடைசிப் பொதுக்கூட்டத்தில் எர்மெஸ் படமெல்லாம் காட்டவில்லை. மேடையில் ஏறித் தன் கனவைச் சொன்னான். கொசு கடிக்கும் ஜூன் மாதச் சாயங்காலம். மணி ஓசை தாமதமாக வருவதைச் சொன்னான், மெதுவாகப் போகும் சைக்கிள்களைச் சொன்னான். "தண்ணி நம்மகிட்ட ஒரு வயலக் கேக்குது. கேக்கும்போதே குடுத்துட்டா, வீட்டக் கேக்காது," என்றான். நான் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தேன். வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவனைத்தான் நான் கட்டிக்கொண்டேன் என்று பெருமையாக இருந்தது.

அப்போது ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"புரொபசர், அழகாச் சொன்னீங்க. ஒரே ஒரு சந்தேகம். கரையத் தொறந்தா மதகு வேணும். மதகுக்குக் கருவி வேணும். கருவிய யாரு விப்பா?"

சதுக்கம் முழுவதும் சிரித்தது. எர்மெஸும் சிரித்தான். பதில் எல்லோருக்கும் தெரியும். இந்த வட்டாரத்தில் அந்தக் கருவி செய்கிற கம்பெனி வேறு கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை. தேர்தலுக்கு முந்தைய நாள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். எர்மெஸ் அதை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தான். வேட்பாளரும் எதிர் வேட்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பட்டாணிச் சோறு தின்றோம். உப்பு எங்கே என்றுகூட அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவடிக்குப் போய் அவனுக்குப் பெருக்கல் குறி போட்டேன். மனசாரப் போட்டேன்.

தொடக்கப் பள்ளியில் ஓட்டு எண்ணினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். முதலில், "தெஸ்ஸரின் எர்மெஸ்... தூங்கி எழுந்து யோசிப்போம்..." என்று குடும்பப் பெயரோடு ஒழுங்காகத்தான் படித்தார். போகப்போக நாக்கு வறண்டு, "தெஸ்ஸரின்... பூனை... பூனை... தெஸ்ஸரின்... பூனை..." என்று ஆகிவிட்டது. ஒத்தோரினோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "நீவெஸ், நிறுத்தச் சொல்லு. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் நான் வால்பியோந்தாவின் மேயர் ஆனேன்.

ஊர்க்காரர்கள்மேல் எனக்குக் கோபம்தான். என்னைப் பிடித்துப்போய் அவர்கள் ஓட்டுப் போடவில்லை. எர்மெஸ் சொன்னது உண்மை என்று தெரிந்தே போட்டார்கள். முடிவெடுக்க இன்னும் ஒரு தூக்கம் அவகாசம் கேட்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் கடைக்கு வந்து, மருந்துக் கடைக்காரியைக் கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கப்படி, "டாக்டரம்மா, மேயரம்மா, தலவலிக்கு ஒண்ணு குடுங்க," என்று இளித்தார்கள்.

எர்மெஸ் அன்று முழுக்கக் கரைமேல் நடந்துவிட்டு வந்தான். வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"ராஜினாமா பண்ணிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். பண்ணினா அரசாங்கம் ஒரு அதிகாரிய அனுப்பும். அவன் ஒண்ணும் பண்ணமாட்டான், அனுமதி போயிடும். நீயே போட்டுடு கையெழுத்து. யார் போட்டா என்ன, தண்ணிக்குப் பேரா தெரியும்?"

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டியும் கொண்டேன். தோற்றவன் இப்படிப் பேசுவது லேசில்லை.

அந்தக் கோடைகாலம் ஏதோ அரைத்தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. மன்றத்தில் நான் நடு நாற்காலியில். எதிரே எதிர்க்கட்சித் தலைவராக என் புருஷன். "மாண்புமிகு மேயர் அவர்கள் தெருவிளக்கு விஷயத்தில் பொறுப்பில்லாமல் நடக்கிறார்," என்று கண்டிப்பான். நான் மணியடித்து உட்காரச் சொல்வேன். பிறகு இரண்டு பேரும் ஒரே சைக்கிள் பாதையில் வீட்டுக்கு வருவோம். மட்டிச் சிப்பி வாங்கிக்கொண்டு வருவோம். நெல்வயல் பக்கமிருந்து காற்று வரும். வீட்டில் தெருவிளக்கைப் பற்றிப் பேசமாட்டோம். சந்தோஷமாக இருந்தேன்.

செப்டம்பரில் மன்றச் செயலாளர் பொனாந்தினி என் அறைக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் சட்டம் வருகிறது என்று அர்த்தம்.

"மேயரம்மா, பாஸ்ஸா விஷயத்துல நீங்க கையெழுத்துப் போட முடியாது."

"ஏன்?"

"கரையத் தொறந்தா புரொபசர் கம்பெனிக்கு லாபம். புரொபசர் உங்க வீட்டுக்காரர். நீங்க மட்டும் இல்ல, உங்க பட்டியல்ல பாதிப் பேர் உங்க சொந்தம். யாரு போட்டாலும் வழக்கு வரும், வேல நின்னுபோகும்."

"வழி?"

"அவர் கம்பெனியக் கைமாத்தலாம். இல்லேன்னா..." மறுபடி செருமினார். "இல்லேன்னா திட்டத்த விட்டுடலாம்."

மூன்றாவது வழி அவருக்குத் தோன்றவில்லை. எர்மெஸுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை காப்பி நேரத்தில் வந்தான். கனவைச் சொன்னான். இந்த முறை விலாங்குகள் கீழே இறங்கி, தபால்காரரின் பைக்குள் புகுந்துகொண்டனவாம். சொல்லிவிட்டு, அதே குரலில், அதே மூச்சில், "நாம பிரிஞ்சுடலாம் நீவெஸ்," என்றான்.

கனவில் நடந்ததைத்தான் இன்னும் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"காயிதத்துல மட்டும்," என்றான். "பொனாந்தினிகிட்டக் கேட்டுட்டேன். சட்டப்படி பிரிஞ்சு, வேற வேற வீடு, வேற வேற சொத்துன்னு ஆயிட்டா மேல இருக்கறவங்க கண்ண மூடிக்குவாங்க. வக்கீல்கூட வேண்டாம். மன்றத்துலயே பண்ணிக்கலாம். துணை மேயர் முன்னாடி கையெழுத்துப் போட்டாப் போதும்."

துணை மேயர் ஒத்தோரினோ.

"கம்பெனிய வித்துடேன்," என்றேன். "வெளியில விக்க வேண்டாம். அந்த மூணு பசங்களுக்கே குடுத்துடு. தல நரச்சுப்போச்சு அவங்களுக்கும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வலி இருந்தது. "அது பிள்ள மாதிரி நீவெஸ். பிள்ளைய யாராவது விப்பாங்களா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷமாகிவிட்டது.

"பொண்டாட்டிய?" என்றேன்.

"உன்ன யாரு விக்கறா? ரெண்டு மூணு மாசம். அப்புறம் அதே ஒத்தோரினோகிட்டப் போய்ச் சேந்துட்டோம்னு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது."

"போன தடவையும் பேருக்குத்தான்னு சொன்ன. இப்ப நான் மேயர்."

அவன் சிரித்தான். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தான். சிரிப்பு தொற்றிக்கொள்ளும் ஆள் அவன், நானும் சிரித்துவிட்டேன். சரி என்றும் சொல்லிவிட்டேன். பீச் மரத்தை நினைத்துத்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை மன்றத்தில் ஒரு கல்யாணம். மேயருக்குரிய மூவர்ணப் பட்டையை மாட்டிக்கொண்டு நான்தான் நடத்தி வைத்தேன். மணப்பெண் பம்ப் நிலைய மெக்கானிக். எண்ணெய்க் கறை போகாத விரல்களில் மருதாணி மாதிரி சிவப்பு நகப்பூச்சு. வழக்கப்படி சட்டத்தைப் படித்தேன். கணவனும் மனைவியும் சமம். ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும், துணை நிற்க வேண்டும், ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும். இதே வரிகளை எங்களுக்கும் ஒரு மேயர் படித்தார். அன்று எர்மெஸ் என் உள்ளங்கையில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். பிறகு கேட்டேன், மதகு என்றான். அப்போது எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது! இப்போது படிக்கும்போது குரல் கம்மியது. மணப்பெண்ணின் அம்மா, மேயர் எங்களுக்காக உருகுகிறார் என்று நினைத்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

நவம்பரில், மூடுபனி இறங்கிய ஒரு காலையில் ஒத்தோரினோ முன்னால் போய் நின்றோம். என் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் தொப்பைக்கு அது போதவில்லை. காகிதத்தைப் படிக்கத் தொடங்கியவன் பாதியில் அழுதுவிட்டான்.

"டேய், இது சும்மாடா," என்றான் எர்மெஸ், அவன் தோளைத் தட்டி.

"சும்மான்னு சொல்லித்தான் என்னத் துணை மேயர் ஆக்கினீங்க," என்றான் ஒத்தோரினோ, மூக்கை உறிஞ்சி.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும், ஒருத்தர் வராவிட்டாலும் காகிதம் செல்லாது என்று பொனாந்தினி விளக்கினார். எர்மெஸ் சாயங்காலமே பெட்டியோடு பதுவாவுக்குப் போனான். கம்பெனி மாடியில் ஓர் அறை இருந்தது.

ஊருக்குள் பேச்சு கிளம்பியது. வில்மா என் தலையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதன்னு பேசிக்கறாங்க, டாக்டரம்மா."

"இங்க அரசனும் நான்தானே வில்மா?"

"அதான் இன்னும் மோசங்கறாங்க."

மூடுபனி விலகவே இல்லை. கடையிலிருந்து பார்த்தால் சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் தெரியாது. ஆட்கள் திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, வெள்ளைக்குள் போய்விடுவார்கள். வீட்டில் காப்பி ஒருத்திக்கு மட்டும் பொங்கியது. முதல் வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. இரண்டாம் வாரம் ரேடியோ வைத்தேன். மூன்றாம் வாரம் ரேடியோவை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று திடுக்கென்றது.

அந்த வாரம்தான் எனக்குக் கனவு வந்தது. கடை அலமாரிகள் எல்லாம் காலி. ஜனங்கள் வரிசையாக வந்து, இத்தனை வருஷம் வாங்கிப்போன மருந்துகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். "போதும் டாக்டரம்மா, சரியாயிடுச்சு," என்கிறார்கள். நான் ஒவ்வொன்றாக வாங்கி ஜன்னல் வழியாக வெளியே வைக்கிறேன். கடைசியாக ஒரு நாரை உள்ளே நடந்து வருகிறது. அதன் கையில் ஒன்றுமில்லை, நாரைக்கு ஏது கை. சும்மா என் பக்கத்தில் வந்து ஒற்றைக் காலில் நிற்கிறது. இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சிரித்துக்கொண்டே எழுந்தேன். அம்பத்தெட்டு வயசில் முதல் கனவு. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாளெல்லாம் நெஞ்சு குறுகுறுத்தது. சாயங்காலம் எர்மெஸ் போன் பண்ணினான், தினமும் பண்ணுவான்.

"எர்மெஸ், நேத்து எனக்கு ஒரு கனவு வந்துது."

"உனக்கா? சொல்லு சொல்லு. இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு. மதகுக்கு இரும்பு வந்துடுச்சு!"

இரும்பின் கனத்தைச் சொன்னான். அதைக் கொண்டுவந்த லாரி வழியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னான். ஹாலந்துக்காரன் பொறாமைப்பட்டதைச் சொன்னான். அவன் குரலில் அவ்வளவு ஆனந்தம். பிறகு, "பசிக்குது, கீழ போய்ச் சாப்பிடறேன், நல்லாத் தூங்கு," என்று வைத்துவிட்டான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருபத்தாறு வருஷம் அவன் ஒரு காலையிலாவது, 'உனக்கு?' என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கனவே வராது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் கெட்டவன் இல்லை. அவன் தலைக்கு மேலே எப்போதும் தண்ணீர் இருந்தது, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற எனக்குக் கழுத்து வலித்தது.

உறுதி சொல்லும் நாள் வந்தது. நான் போகாமல் இருந்தாலே போதும், காகிதம் செத்துவிடும். திட்டமும் செத்துவிடும். கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். ஊருக்காக ஒரு பொய் சொல்லப் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய் இல்லை என்று கண்ணாடியில் இருந்தவளுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. போனேன்.

"பிரிஞ்சு வாழ ரெண்டு பேருக்கும் சம்மதமா? உறுதியா?" என்று ஒத்தோரினோ படித்தான். இந்த முறை அழவில்லை, ஒத்திகை பார்த்திருந்தான்.

"ஆமா ஆமா," என்றான் எர்மெஸ், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. பதுவாவில் யாரோ காத்திருந்தார்கள்.

நான் மேசையைப் பார்த்தேன். பேனாவைப் பார்த்தேன். எர்மெஸின் சட்டைக் காலர் கசங்கியிருந்தது, அதை நீவிவிடக் கை போயிற்று. நீவிவிட்டேன். பிறகு, "ஆமாம்," என்றேன்.

ஒத்தோரினோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து என்னைத் தெரிந்தவன். அவனுக்குப் புரிந்துவிட்டது. முத்திரை குத்தினான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் பாஸ்ஸா தீர்மானம் நிறைவேறியது. எர்மெஸ் சட்டப்படி வெளியே போய் நிற்க, பூனையும் எதிர்க்கட்சியும் சேர்ந்து கை தூக்கின. சதுக்கத்தில் கேள்வி கேட்ட கிழவர் வாசலில் நின்று, "மேயரம்மா புருஷனையே குடுத்துட்டாங்க. நாம ஒரு வயலக் குடுக்க மாட்டோமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி கடைசியில் கரையைத் திறந்தோம். ஊரே மேலே ஏறி நின்றது. மண்வெட்டும் இயந்திரம் கடைசி மண்ணை அள்ளியதும் கடல் பாய்ந்து வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது நடந்துதான் வந்தது. முதலில் ஒரு பாத்தியில் கொஞ்சம், பிறகு அடுத்த பாத்தி. பழைய சோளத்தட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தது. எர்மெஸ் என் பக்கத்தில் நின்றான். கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தான். கன்னமெல்லாம் ஈரம். இத்தனை வருஷமாக உறக்கத்தில் பார்த்ததை விழித்துக்கொண்டு பார்த்தான். அவனுக்காக நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

இருட்டுவதற்கு முன் ஜனங்கள் கலைந்து போனார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"பெட்டி கார்லதான் இருக்கு," என்றான். "இன்னிக்கே வந்துடறேன். நாளைக்கு ஒத்தோரினோவப் பாத்து அந்தக் காயிதத்த ரத்துப் பண்ணிடலாம்."

"பெட்டிய எறக்காத, எர்மெஸ்."

"ஏன்? இன்னும் ஏதாவது தணிக்கை கிணிக்கை இருக்கா?"

"இல்ல. எல்லாம் முடிஞ்சுது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தண்ணீரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"அது வேஷந்தானே, நீவெஸ்?"

"உனக்கு வேஷம். நான் யோசிச்சுத்தான் ஆமாம்னு சொன்னேன்."

"நீ என்ன நம்பலியா?"

"தண்ணியப் பத்தி நீ சொன்னது எல்லாத்தையும் நம்பினேன். இப்பவும் நம்பறேன். கம்பெனியா நானான்னு வந்தப்ப நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாக்கூட நான் இன்னிக்குப் பெட்டியத் தூக்கிட்டு முன்னாடி நடந்திருப்பேன்."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான், கீழே குனிந்து பார்த்தான்.

"வலது பக்கத்துல மண்ணு சரியுது," என்றான். குரல் உடைந்திருந்தது. "நாளைக்குக் காலைல ஆள் அனுப்பு."

"அனுப்பறேன்."

அவன் கரையிலிருந்து இறங்கிக் காருக்குப் போனான். கூப்பிட்டால் வந்துவிடுவான். என் வாய் அவன் பெயரைச் சொல்லத் தயாராக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கார் போன பிறகு, காலையில் யாரை அனுப்பலாம் என்று யோசிக்கப் பார்த்தேன். அழுகையில் ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.